பத்து மணி வகுப்புகள்

தோருன்,
12 செப்டம்பர் 1999

அன்புள்ள சலோமியாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் போ என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை. ஆகவே போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு செய்தி. இங்கே பல்கலைக்கழகத்தில் வயதானவர்களுக்கு வகுப்புகள் நடத்துகிறார்கள். அறுபது தாண்டிய யார் வேண்டுமானாலும் சேரலாம், தேர்வு கிடையாது. பாடப் பட்டியலை வாங்கிவரச் சொன்னேன். அறுபத்தொரு பாடங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனச்சோதனை செய்வதுபோல் பென்சிலும் கையுமாக மூன்று முறை படித்தேன். கடைசியில் ஐந்தை எடுத்திருக்கிறேன். திங்கள்: ஏரிப் பாசிகள். செவ்வாய்: தேவாலய ஓவியங்கள். புதன்: வீட்டு மின்சாரம். வியாழன்: கிரேக்கம், ஆரம்ப நிலை. வெள்ளி: தேனீ வளர்ப்பு. எல்லாமே காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வானியலும் பட்டியலில் இருந்தது. உன் அத்தான் இக்னாசி உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பார். ஆனால் அது மாலை ஆறு மணிக்கு.

காலையில் இக்னாசியின் தம்பி மகன் ஸெனோன் வேலைக்குப் போகும் வழியில் என்னைக் காரில் இறக்கிவிடுவான். பன்னிரண்டு மணிக்கு அவன் மனைவி போகுமிலா வந்து அழைத்துப்போவாள். போகுமிலாவுக்கு இதில் பெருமைதான். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "எங்க அத்தை யுனிவர்சிட்டிக்குப் போறாங்க" என்று சொல்கிறாள்.

இருவரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஏப்ரலில் பத்திரத்தில் கையெழுத்தானதும் இங்கேயே குடிவந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? யாருடைய தயவிலும் வாழ எனக்கு விருப்பமில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தேன். கடைசிவரை என்னைப் பராமரிப்பதாக அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். சுத்தமான ஏற்பாடு. மே மாதம் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அதிலிருந்து நான் அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். போகுமிலா கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள், நான் யாராவது அன்னியருக்குக் கதவைத் திறந்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். நான்காம் மாடி, மின்தூக்கி இல்லை. அதனால் எனக்கும் ஓய்வுதான்.

எனக்கு எந்தக் குறையும் இல்லை. மருத்துவரிடம் போ.

உன் அக்கா,
ஒத்திலியா


சானோக்,
3 அக்டோபர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் உன்னைக் காப்பாராக. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவரிடம் போனேன். அவரும் முட்டைக்கோஸ் இலையைத்தான் கட்டச் சொன்னார். நீ நம்பமாட்டாய்.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "பாசியா? உங்க அக்காவுக்குத் தண்ணின்னா ஆகாதுன்னு சொன்னீங்களே" என்று கேட்டாள். சின்ன வயதில் ஏரிக்குப் போனால் கரையில் செருப்போடு நின்றுகொண்டு, உடம்பை நனைக்காதே என்று என்னை அதட்டியவள் நீ. தேனீ என்றால் மூன்று தெரு தள்ளி ஓடுவாய். பின்னல் வேலையும் பியானோவும் ஒரே வருடத்தில் தொடங்கினேன் என்று நீ என்னை எவ்வளவு திட்டியிருக்கிறாய். "ஒண்ணக் கையில எடுத்தா அத முடிச்சிட்டு அடுத்ததத் தொடு" என்பாய். இப்போது நீயே ஐந்தைப் பிடித்திருக்கிறாய். குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று அறிவித்த அன்று வீட்டில் உள்ள வாளியையெல்லாம் நிரப்பி வைப்பதுபோல் இருக்கிறது. எதற்கு அக்கா?

பத்திரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மார்ச் மாதம் சொன்னேன். இங்கே வந்துவிடு, இரண்டு அறை இருக்கிறது என்று எழுதினேன். பிறர் வீட்டில் படுத்துப் பழக்கமில்லை என்றும், என் வீட்டுப் படிக்கட்டில் முட்டைக்கோஸ் வாடை அடிக்கிறது என்றும் எழுதினாய். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

அனைத்துப் புனிதர் நாளுக்கு வழக்கம்போல் வருகிறாய் அல்லவா? அப்பா அம்மா கல்லறையைக் கழுவி வைத்துவிட்டேன். செவ்வந்தியும் சொல்லிவைத்துவிட்டேன், நீ கேட்கும் வெள்ளை நிறத்திலேயே. ரயில் வரும் நேரத்தை எழுது.

அன்புடன்,
சலோமியா


தோருன்,
24 அக்டோபர் 1999

அன்புள்ள சலோமியாவுக்கு,

இறையருளால் நலம். உன் நலம் அறிய ஆவல். அந்த மருத்துவரை மாற்று.

அனைத்துப் புனிதர் நாளுக்கு இந்த வருடம் வர இயலாது. வகுப்பு இருக்கிறது. தொடக்கத்திலேயே விடுப்பு எடுப்பது முறையல்ல. எனக்காகவும் ஒரு விளக்கு ஏற்று.

பாடங்களைப் பற்றிக் கேட்டாய். ஓவிய வகுப்பு நடத்தும் பெண் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு பேசுகிறாள். பாசி வகுப்பை நடத்துகிறவர் இளைஞர். முதல் நாளே ஒரு பாசியின் லத்தீன் பெயரைத் தவறாக உச்சரித்தார். மடத்தில் மதர் ஹியரோனிமாவுக்கு முன்னால் அப்படி உச்சரித்திருந்தால் மதிய மணி அடிக்கும்வரை முழங்காலில் நின்றிருப்பார். நான் கை தூக்கித் திருத்தினேன்.

"அம்மா, நீங்க இதுக்கு முன்னாடி எங்க படிச்சீங்க?" என்றார்.

"கன்னியர் மடத்துல."

"அங்க பாசியெல்லாம் சொல்லிக்குடுத்தாங்களா?"

"இல்ல. லத்தீன் சொல்லிக்குடுத்தாங்க."

வகுப்பு சிரித்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் என்னைப் பார்க்கிறார்.

பதினோரு மணிக்குப் பதினைந்து நிமிடம் இடைவேளை விடுகிறார்கள். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். நான் பின்வாசல் வழியாக ஆற்றங்கரைக்குப் போகிறேன். போக ஆறு நிமிடம், திரும்ப ஆறு நிமிடம். ஆக மூன்று நிமிடம் ஆற்றைப் பார்க்கலாம். வீஸ்வாவில் இந்த மாதம் தண்ணீர் குறைவு, நடுவில் மணல்திட்டு தெரிகிறது. ஒருநாள் வேகமாக நடந்து நான்கு நிமிடம் பார்த்தேன்.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. எங்கள் தபால்காரர் கவனமில்லாதவர். வகுப்பு அலுவலகத்தில் திருமதி ஃபெலிட்ஸியா என்று ஒருவர் இருக்கிறார், நல்ல ஒழுங்கான பெண்மணி. அவர் பெயர் போட்டு எழுது. முகவரியைக் கீழே தந்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஒத்திலியா


சானோக்,
7 நவம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். விளக்கு ஏற்றிவிட்டேன். அப்பாவுக்கு இரண்டு, அம்மாவுக்கு இரண்டு, உன் பெயரில் ஒன்று. காற்று பலமாக இருந்ததால் உன்னுடையதை மூன்று முறை ஏற்ற வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் நம்மைத் தெரிந்தவர்கள் எல்லாரும், "ஒத்திலியா எங்க?" என்று கேட்டார்கள். படிக்கிறாள் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். நவம்பர் முதல் தேதி திங்கட்கிழமை. உனக்குப் பாசி நாள். ஆனால் அக்கா, நவம்பர் முதல் தேதி நாடு முழுக்க விடுமுறை. ரொட்டிக்கடைகூடத் திறக்காது. எந்தப் பல்கலைக்கழகம் அன்றைக்குப் பாசியைப் பற்றிப் பாடம் நடத்துகிறது?

நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தான் உனக்கு அது சரியாக வரவில்லை.

உன் தபால்காரரைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. உன் வீட்டு வாசல் கதவுக்கு உன்னிடம் சாவி இருக்கிறதா?

அன்புடன்,
சலோமியா


தோருன்,
20 ஜனவரி 2000

அன்புள்ள சலோமியாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் பெயர்ப் புனிதரின் நாமவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் நான் எழுதவில்லை. என் நாமவிழாவுக்கு நீ அனுப்பிய அட்டை வீட்டு முகவரிக்கு வந்தது. போகுமிலா அதை அலமாரியில் கண்ணாடிக்கு முன்னால் வைத்திருக்கிறாள். எல்லாரும் பார்க்கலாம்.

இதை வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். போகுமிலா பக்கத்தில் இருக்கிறாள். நான் கிரேக்க வினைச்சொற்களைக் குறிப்பெடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். உன் நவம்பர்க் கடிதம் வந்த அன்று போகுமிலா என்னை அழைத்துப்போகச் சற்று முன்னதாகவே வந்துவிட்டாள். திருமதி ஃபெலிட்ஸியா தாழ்வாரத்தின் அந்த முனையிலிருந்து, "ஒத்திலியா அம்மா, சானோக்லேருந்து உங்களுக்கு லெட்டர்" என்று கூப்பிட்டார். நல்ல குரல்வளம் அவருக்கு.

"ஏன் அத்தை, நம்ம வீட்டுல தபால்பெட்டி இல்லையா?" என்று போகுமிலா கேட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ஸெனோன் சொன்னான். "பெரியம்மா, ரோடெல்லாம் பனியா இருக்கு. இனிமே போகுமிலாவும் உங்ககூட வகுப்புல உக்காந்துக்குவா. ஆபீஸ்ல கேட்டுட்டேன், ஒண்ணும் தடையில்லையாம்."

"அவளுக்கு நாப்பத்தாறுதான் ஆகுது. அறுபது ஆகணும்."

"துணைக்கு வர்றவங்களுக்கு வயசு பாக்க மாட்டாங்களாம், பெரியம்மா."

அன்றிலிருந்து வருகிறாள். ஐந்து நாளும். ராஸ்பெர்ரிச் சாறு கலந்த தேநீரை ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறாள். இடைவேளையில் நான் அதைக் குடித்தாக வேண்டும். என் சால்வையைச் சரிசெய்கிறாள். ஆற்றங்கரையில் காற்று அதிகம் என்கிறாள். வகுப்பு நடக்கும்போதே என் காதில் பேசுகிறாள். "அத்தை, பாசிக்குக் கண்ணு இருக்குமா?" "அத்தை, இந்த மாதா ஏன் கோவமா இருக்காங்க?" வாயை மூடு என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லும்படியாக அவள் எந்தத் தவறும் செய்யவில்லை.

பிப்ரவரியில் இரண்டாம் பருவம் தொடங்குகிறது. மறுபடியும் பட்டியல் தந்திருக்கிறார்கள். இந்த முறை வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கிறேன். போகுமிலா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், பிறகு தையல் கற்றவள். எந்தப் பாடத்தில் அவளால் இரண்டு மணி நேரம் உட்கார முடியாதோ அதைத் தேடுகிறேன். புள்ளியியல், மீன்களின் குடல் ஒட்டுண்ணிகள், பழைய ஸ்லாவிய ஜெபமொழி, நிலநடுக்கவியல். எல்லாம் காலை பத்து மணிக்குக் கிடைக்கின்றன. வியாழனுக்கு மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

திருமதி ஃபெலிட்ஸியாவிடம் பேசிவிட்டேன். இனி உன் கடிதத்தை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் தருவார்.

முழங்காலில் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

ஒத்திலியா


சானோக்,
6 பிப்ரவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம், கேட்கிறேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். என் கேள்வி ஒரு வரி. இரண்டு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. சரி, எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பின்னறையில் இருந்த தையல் இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறேன். சன்னல் கிழக்குப் பக்கம். படிக்கட்டில் வாடை அப்படியேதான் இருக்கிறது, கீழ்வீட்டுக்காரி சமையலை நிறுத்தவில்லை.

நான் வந்து உன்னை இழுத்துக்கொண்டு வரமாட்டேன். வரலாமா என்றும் கேட்கமாட்டேன். உனக்குப் பதிலாக எதையாவது நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது. எட்டு வயதில் ஒருமுறை மதரிடம் உனக்காகப் பேசப்போய் ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. வேண்டும் என்றால் நீதான் சொல்ல வேண்டும்.

சலோமியா


தோருன்,
4 ஏப்ரல் 2000

அன்புள்ள சலோமியாவுக்கு,

இறைவன் உனக்கு நல்ல சுகம் தருவாராக. எனக்கு மார்ச் மாதம் சளி பிடித்தது. போகுமிலா பத்து நாள் என்னைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. கோழிச்சூப், பார்லிக் கஞ்சி, முதுகுக்குத் தைலம், எல்லாம் நேரத்துக்கு நடந்தன. நான்காம் நாளே எனக்குக் குணமாகிவிட்டது.

என் தேர்வு பலிக்கவில்லை. புள்ளியியலில் போகுமிலா முதல் வகுப்பில் தூங்கினாள். இரண்டாவது வகுப்பில் விழித்துக்கொண்டாள். மூன்றாவதில், "அதாவது சார், நூறு சட்டை தச்சா எத்தன சட்டைல பட்டன் கோணலா வரும்னு முன்கூட்டியே சொல்லலாம், அதானே?" என்று கேட்டாள். ஆசிரியர் கரும்பலகையில் சட்டை ஒன்றை வரைந்தார். ஒட்டுண்ணி வகுப்பைப் பற்றி எழுதவே எனக்குக் கூசுகிறது. மீனின் குடலைத் திறந்து காட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து போய்க் கிட்ட நின்று பார்த்தாள். இருபது வருடமாக மீன் கழுவுகிறேன், இதையெல்லாம் கவனித்ததே இல்லை என்றாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவளைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாளா, அவளுக்குப் பக்கத்தில் நானா என்று தெரியவில்லை.

வகுப்புகள் ஜூன் பதினைந்தோடு முடிகின்றன. அக்டோபர் இரண்டாம் தேதிதான் மறுபடி திறப்பார்கள். கோடைக்கு ஏதாவது உண்டா என்று திருமதி ஃபெலிட்ஸியாவிடம் கேட்டேன். "கோடையில எல்லாரும் தோட்டத்துக்கும் ஏரிக்கும் போயிருவாங்க அம்மா, யாரு வருவா?" என்றார்.

இடையில் நூற்றெட்டு நாட்கள். இரண்டு முறை எண்ணினேன்.

வியாழனுக்கு முதியோர் சட்டம் என்று ஒரு பாடத்தை எடுத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

ஒத்திலியா


தோருன்,
19 மே 2000

அன்புள்ள சலோமியாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இன்று வெள்ளிக்கிழமை. போகுமிலா வகுப்புக்கு வரவில்லை; தலைவலி என்றாள். ஸெனோன் இறக்கிவிட்டுப் போனான். ஒட்டுண்ணிகளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று சட்ட வகுப்பில் பராமரிப்புப் பத்திரத்தைப் பற்றிப் பாடம். வக்கீல் அம்மாள் அமைதியாக விளக்கினார். வீட்டைக் கொடுத்தவருக்கு வாங்கியவர் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியவை: உணவு, உடை, இடம், விளக்கு, விறகு, நோயில் பணிவிடை, கடைசியில் நல்லடக்கம். "பேச்சு வழக்கில் இதைச் சுருக்கமாக 'ஆயுள்' என்போம்" என்றார். பிறகு, "இங்க யாராச்சும் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் கை தூக்கவில்லை. போகுமிலா தூக்கினாள். நல்ல பெருமையோடு, "நாங்கதான் எங்க அத்தைக்கு எழுதிக் குடுத்திருக்கோம்" என்று என் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

பின்வரிசையில் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். எதற்கும் ஒரு வேடிக்கை சொல்வார். "ஆயுளா? அடப் பாவமே. கொலை பண்ணவனே இருபத்தஞ்சு வருசம் கழிச்சு மனுப் போடலாம். உங்களுக்கு அதுவும் இல்லயே, அம்மா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. பத்திரத்துக்கும் தண்டனைக்கும் நம் நாட்டில் ஒரே சொல் என்பது யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். நோட்டரி முன்னால் உட்கார்ந்திருந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. நானும் சிரிக்க முயன்றேன். முகம் ஒத்துழைக்கவில்லை. போகுமிலா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் நான் கை தூக்கினேன். "பத்திரத்துல கொடுத்தவங்களுக்கு ஏதாச்சும் கடமை இருக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டைக் கொடுத்தாச்சே அம்மா. அதோட உங்க பங்கு முடிஞ்சுது."

"அந்த வீட்டுலயே இருக்கணுமா?"

"இருக்க உரிமை உண்டு. கட்டாயம்னு எங்கயும் எழுதியிருக்காது."

தாழ்வாரத்தில் போகுமிலா ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். "நாங்க என்ன குறை வெச்சோம் அத்தை? சொல்லுங்க. இன்னிக்கே சரி பண்ணிடறேன்" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யோசித்துப் பார்த்தேன், சலோமியா. சூப் சூடாக வருகிறது. துணி வெள்ளையாக இருக்கிறது. மாத்திரை ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை. குறை என்று எடுத்துக் கையில் தர என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று பட்டது.

நவம்பரில் நீ கேட்டதற்கு இப்போது பதில். இல்லை. போன வருடம் மே மாதத்திலிருந்து என்னிடம் சாவி இல்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்டு, அவர்கள் யோசித்து, பிறகு தருவதை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது.

வகுப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசியிலும் தேனீயிலும் எனக்கு அக்கறை இருந்ததில்லை. எந்தப் பாடம் என்று நான் பார்க்கவே இல்லை. எந்த நேரம் என்று மட்டும்தான் பார்த்தேன்.

போன வசந்தத்தில் உன் வீட்டைப் பற்றி நான் எழுதியது நாகரிகமற்றது. மன்னிப்பாயாக. மடத்தை விட்டு வந்த பிறகு இந்தச் சொல்லை யாருக்கும் எழுதியதில்லை. சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

அந்தப் பின்னறையில் எனக்கு இடம் தருவாயா? எத்தனை நாளைக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

உன் அக்கா,
ஒத்திலியா


சானோக்,
26 மே 2000

அக்கா,

ஜூன் பதினாறு, வெள்ளிக்கிழமை, காலையில் உன் வாசலில் நிற்பேன். முந்தின நாளே ரயில் ஏறிவிடுவேன். நான்கு மாடியும் ஏறி வருவேன், கீழே நின்று கூப்பிடமாட்டேன். அதற்குள் அவர்களிடம் நீயே சொல்லிவிடு. அதை நான் செய்யமாட்டேன்.

பெட்டி ஒன்று போதும். முழங்காலைப் பற்றி எதுவும் எழுதாதே.

சலோமியா


தோருன்,
10 செப்டம்பர் 2000

மதிப்புக்குரிய சலோமியா அத்தைக்கு,

வணக்கத்துடன் போகுமிலா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலும் ஒத்திலியா அத்தையின் இரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் அத்தை சிவப்புப் பென்சிலால் திருத்திவிடுவார், பரவாயில்லை.

அத்தையின் குளிர்காலக் கோட்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்துணியை மாற்றித் தைத்திருக்கிறேன். உப்பு குறைவாகப் போடுங்கள். வெண்ணெய் கேட்பார், கொஞ்சமாகக் கொடுங்கள். மாத்திரையை அவரே எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். இங்கே நான் விட்டதில்லை.

அத்தை எப்போது திரும்புவார் என்று ஸெனோன் கேட்கச் சொன்னார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நான் கேட்கவில்லை.

ஜூன் மாதம் மேஜையில் அத்தை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஸெனோன் பத்திரத்தை எடுத்துவந்து, "பெரியம்மா, உங்களப் பாத்துக்கறதா எழுதிக் குடுத்திருக்கோம், நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?" என்றார். "அது உங்களத்தான் கட்டும் ஸெனோன். என்னக் கட்டாது" என்று சொல்லிவிட்டு அத்தை ரொட்டியில் பாலாடைக்கட்டி தடவினார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பிறகு தனியாக யோசித்தேன். அந்தப் பத்திரத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஸெனோனும் நானும். ஆனால் ஸெனோன் காலையில் வேலைக்குப் போய்விடுவார். அவர் அம்மா படுக்கையில் இருந்த பதினோரு வருடமும் அப்படித்தான். அந்த அம்மா காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அத்தையிடம் வந்துவிட்டோம். வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போவேன். ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்து பத்து நிமிடத்தில் ஓடிவருவேன். அந்த டிராம்காரர் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார். கையைத் தூக்கியவள் நான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் அத்தையைக் கவனிக்கத்தான் வகுப்புக்கு வந்தேன். அதற்குப் பிறகு எனக்காகவே வந்தேன். அத்தைக்குச் சளி குணமான பிறகும் பத்து நாள் முடியும்வரை படுக்கவைத்தேனே, அப்போது மீன் வகுப்பு இரண்டு தவறியது என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. திருமதி ஃபெலிட்ஸியா நோட்டுக்குள் உங்கள் கடிதத்தை வைத்துக் கொடுப்பதையும் பிப்ரவரியிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒன்றையும் திறக்கவில்லை. என்னிடமும் யாராவது எதையாவது ஒளித்து எழுத மாட்டார்களா என்று இருந்தது.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது திருமதி ஃபெலிட்ஸியா கூப்பிட்டார். அத்தை இல்லாமல் நான் சேர முடியுமா என்று கேட்டேன். அறுபதுக்குக் குறைந்தவர்களுக்கும் இந்த வருடம் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். புதுப் பட்டியலைக் கையில் கொடுத்தார். அறுபத்தெட்டுப் பாடங்கள். காலையிலும் இருக்கிறது, மாலையிலும் இருக்கிறது. ஒன்றுதான் எடுக்கலாம் என்றார். நான் இதுவரை எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. அத்தை எடுத்ததில் போய் உட்கார்ந்தேன். எதை எடுத்தால் நல்லது என்று அத்தையிடம் கேட்டு எழுதச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இவ்வளவு எழுதிய பிறகு வேண்டாம் என்று தோன்றுகிறது. அத்தையிடம் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது. ஸெனோனிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் இருவருக்கும் இறைவன் நல்ல சுகம் தரட்டும்.

பணிவுடன்,
போகுமிலா